நீங்க போங்க, நீங்க போங்க

குழு: கீழத்தெரு வகையறா
ஞாயிறு, காலை 6:48

முரளி மாமா: (படம்: தாமரைப் பூ, இனிய காலை வணக்கம்)

விஜயா: யாராவது கார்த்தியிடம் என்னவென்று கேளுங்கள். நேற்று ராத்திரி டர்ஃபிலிருந்து உர்ரென்று வந்தான். சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

கார்த்தி: அம்மா, இதையெல்லாம் குடும்பக் குழுவிலா போடுவது?

விஜயா: வீட்டில் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாய். இங்கேயாவது சொல்.

முரளி மாமா: லவ் மேட்டரா மாப்பிள்ளை

கார்த்தி: இல்லை மாமா. ஃபுட்பால் மேட்டர். சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

கார்த்தி: சனிக்கிழமை ஐந்துக்கு ஐந்து ஆடுவோம் இல்லையா, எதிர் டீமில் ஒரு நைஜீரியப் பையன். இங்கே காலேஜில் படிக்கிறான். எங்கள் டீமில் ஒரு பேங்க் மேனேஜர், ஐம்பது வயது, அவரை வா போ என்று கூப்பிட முடியாது. பந்து அவர் காலுக்கு வந்தது. நான் பின்னாலிருந்து "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கத்தினேன். அந்தப் பையன் ஆட்டத்தை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான். மூக்குக்கு நேரே நின்று, என்னை என்ன சொன்னாய் என்று இங்கிலீஷில் கேட்டான்.

முரளி மாமா: நீ என்ன சொன்னாய்?

கார்த்தி: அதுதான் சொன்னேனே மாமா, "நீங்க". வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

முரளி மாமா: நீங்க நீங்க நீங்க நீங்க

முரளி மாமா: பக்கத்தில் உங்கள் அத்தை என்ன ஆச்சு என்று கேட்கிறாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நித்யா: மாமா, இங்கிலீஷில் கருப்பர்களை இழிவாகச் சொல்ல ஒரு வசை இருக்கிறது. "ந"வில் தொடங்கும், எழுத மாட்டேன். அதைக் கேட்டுக் காயப்பட்ட காதுக்கு நம் "நீங்க" கிட்டத்தட்ட அப்படித்தான் விழும். கொரியாக்காரர்களுக்கும் இதே தொல்லை, அவர்கள் மொழியில் "நீ" என்பதற்கு ஏறக்குறைய அதே ஒலி. சீனர்கள் பேச்சு நடுவில் "அது வந்து" என்று இழுக்கிற சொல்லும் அப்படித்தான்.

முரளி மாமா: மரியாதை கொடுத்ததற்கு அடி வாங்கப் பார்த்திருக்கிறான்! இனிமேல் மேனேஜரை "நீ போடா" என்று சொல்லு. பிரச்சினையே வராது.

கார்த்தி: போனில் தேடி "நீங்க" என்றால் என்ன அர்த்தம் என்று காட்டினேன் மாமா. பார்த்தான். சிரித்தான். ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

விஜயா: இதற்கா சாப்பிடாமல் படுத்தாய். மொழி தெரியாத பையன், தப்பாகக் காதில் விழுந்திருக்கும். விடு. நேற்று வைத்த சாம்பார் அப்படியே இருக்கிறது.

காலை 7:40

சந்தானம் பெரியப்பா: எல்லாம் படித்தேன். இப்போதுதான் நடை முடித்து வந்தேன். இந்தக் கேஸ் ஏற்கெனவே நடந்த கேஸ்.

முரளி மாமா: ஆரம்பித்துவிட்டார் அத்தான்

சந்தானம் பெரியப்பா: 2008 ஜனவரி. சிட்னி டெஸ்ட். லீவு போட்டுப் பார்த்தவன் நான். மூன்றாம் நாள். சச்சினும் ஹர்பஜனும் எட்டாவது விக்கெட்டுக்கு 129 ரன் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர்களுக்குக் கொதிப்பு. பிரெட் லீ ஒரு பந்து போட்டார். ரன் ஓடிய பிறகு ஹர்பஜன் போகிற போக்கில் லீயின் பின்பக்கத்தில் மட்டையால் ஒரு தட்டு. செல்லத் தட்டுதான். லீ கண்டுகொள்ளவில்லை. குறுக்கே வந்தவர் சைமண்ட்ஸ், கருப்பின வம்சாவளி ஆஸ்திரேலிய வீரர்.

சந்தானம் பெரியப்பா: சைமண்ட்ஸ் காதில் விழுந்தது "மங்கி". ஹர்பஜன் தரப்பு சொன்னது, அது வடக்கே தாயை இழுத்துத் திட்டுகிற வசை, "மா கி" என்று முடியும். மா கி. மங்கி. சொல்லிப் பாருங்கள்.

முரளி மாமா: சொல்ல மாட்டேன், அத்தை இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறாள்

முரளி மாமா: ஆனால் நல்ல டிஃபென்ஸ் அத்தான். "ஐயா, குரங்கு என்று சொல்லவே இல்லை, அவன் அம்மாவைத்தான் திட்டினேன்"

சந்தானம் பெரியப்பா: சிரிக்காதே. இனவசை என்றால் ஒரு பிரிவு, வெறும் வசை என்றால் அதைவிடக் கீழே இன்னொரு பிரிவு. மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ரோக்டர் இனவசைதான் என்று மூன்று டெஸ்ட் தடை போட்டார். அப்பீல். நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹான்சன் அடிலெய்டில் ஜனவரி 29ஆம் தேதி விசாரித்தார். எதிர்முனையில் நின்றதால் சச்சின் முக்கிய சாட்சி. இனவசை நிரூபணமாகவில்லை, வசைக்காக மேட்ச் சம்பளத்தில் பாதி அபராதம். முடிந்தது.

முரளி மாமா: ஆக நம்ம ஆள் நிரபராதி. பிற்பாடு சிஎஸ்கே வந்து எவ்வளவு தமிழ் ட்வீட் போட்டார். அப்படி ஒரு தமிழ்ப் புலவரா தப்பாகப் பேசுவார்?

சந்தானம் பெரியப்பா: "நிரூபிக்கப்படவில்லை" வேறு, "சொல்லவில்லை" வேறு. முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவனிடம் சொல்கிறாய். தப்பாகக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு, சந்தேகம் தீரவில்லை, அவ்வளவுதான் தீர்ப்பு. இன்னொரு கூத்தும் உண்டு. ஹர்பஜனின் பழைய குற்றப்பட்டியலை முழுதாக நீதிபதி முன் வைக்கவே இல்லை. வைத்திருந்தால் தண்டனை கூடியிருக்கும் என்று பிறகு தெரிந்தது. எங்கள் கோர்ட்டில் அப்படி ஒரு காகிதம் விட்டுப்போயிருந்தால் அன்று சாயங்காலமே எனக்கு மெமோ.

நித்யா: பெரியப்பா, கதையை ஜனவரியில் தொடங்குகிறீர்கள். அதற்கு மூன்று மாதம் முன்னால் வதோதராவில் என்ன நடந்தது?

சந்தானம் பெரியப்பா: எது?

நித்யா: 2007 அக்டோபர். ஆஸ்திரேலியா இங்கே ஒருநாள் தொடர் ஆட வந்தது. பவுண்டரி ஓரம் நின்ற சைமண்ட்ஸைப் பார்த்துக் கூட்டம் குரங்கு மாதிரிக் கத்தியது. அப்புறம் மும்பையிலும். அங்கே சிலரைப் பிடித்து வெளியே அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டு ஊர் திரும்பிய ஆளிடம், மூன்று மாதம் கழித்து, அதே நாட்டு டீம்காரர் ஒருவர் "மா கி" என்றால் அவருக்கு எது விழும்?

சந்தானம் பெரியப்பா: ம்.

சந்தானம் பெரியப்பா: அது அந்தக் கேஸின் ரெக்கார்டில் வராத சங்கதி. ஆனால் நீ சொல்வது சரி.

விஜயா: அந்த சைமண்ட்ஸ் கார் விபத்தில் போய்விட்டார் இல்லையா. பாவம்.

சந்தானம் பெரியப்பா: ஆமாம், 2022இல். அதற்கு முன்பே இருவரும் மும்பை இந்தியன்ஸில் ஒரே டீமில் ஆடிவிட்டார்கள். ஐபிஎல் ஏலம் என்பது பெரிய பஞ்சாயத்து.

காலை 8:25

கார்த்தி: நித்யா, நீ கால் சென்டரில் ஸ்பானிஷ் ப்ராசஸில்தானே இருக்கிறாய். சுவாரஸ் கேஸைப் பற்றி என்ன நினைக்கிறாய்? பள்ளிக்கூடத்தில் படித்தபோது அதற்காக நான் பெஞ்சில் ஏறிச் சண்டை போட்டிருக்கிறேன். லிவர்பூல் ஃபுட்பால் கிளப் பைத்தியம்.

முரளி மாமா: சுவாரஸ் யார், அந்தக் கடிக்கிற ஆளா?

கார்த்தி: அவரேதான் மாமா. இது கடிக்காத கேஸ்.

நித்யா: மாமாவுக்காகச் சொல்கிறேன். 2011 அக்டோபர் 15, லிவர்பூல் மைதானம். உருகுவேக்காரர் சுவாரஸ், மான்செஸ்டர் யுனைடெட்டின் கருப்பின பிரெஞ்சுக்காரர் எவ்ரா. இருவரும் ஸ்பானிஷில் வாய்ச் சண்டை போட்டார்கள். சுவாரஸ் "நெக்ரோ" என்ற சொல்லை எடுத்தார். ஸ்பானிஷில் அதற்கு நேர் அர்த்தம் கருப்பு, அவ்வளவுதான். எங்கள் ஆபீசுக்கு போன் பண்ணும் ஒரு கொலம்பிய அம்மா தன் கணவரை "நெக்ரோ, அந்த பில்லை எடுத்து வா" என்றுதான் கூப்பிடுவார். வீடியோ காலில் ஒரு நாள் பார்த்தேன், கணவர் முரளி மாமாவை விட வெளுப்பு.

முரளி மாமா: என்னை விட வெளுப்பாக இருப்பது பெரிய சாதனை இல்லை

நித்யா: அதனால் சுவாரஸ் சொன்னார், எங்கள் ஊரில் இது நட்பாகச் சொல்வது. விசாரணைக் குழு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மொழி அறிஞர்களைக் கூப்பிட்டுக் கேட்டது. அவர்கள் சொன்னது ரொம்பப் பிடிக்கும் எனக்கு: நட்பாகவும் சொல்லலாம், கேவலமாகவும் சொல்லலாம், யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார் என்பதுதான் தீர்மானிக்கும். சண்டை நடுவில், எவ்ராவின் கையைக் கிள்ளிக்கொண்டே சொன்ன சொல் எப்படி நட்பாகும்? 8 ஆட்டம் தடை, 40,000 பவுண்டு அபராதம். அறிக்கை மட்டும் 115 பக்கம்.

கார்த்தி: எங்கள் ஆட்கள் தண்டனை வந்த மறுநாளே சுவாரஸ் படம் போட்ட டி-ஷர்ட்டோடு இறங்கினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. லிவர்பூல் முன்னாள் வீரர் ஜேமி காராகர் 2019இல் டிவியில் எவ்ரா முகத்துக்கு நேரே மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோதுதான் கூச்சமாகிப்போனது.

சந்தானம் பெரியப்பா: சாட்சியம் எப்படி இருந்தது?

நித்யா: பெரியப்பா, அதுதான் உங்களுக்குப் பிடித்த இடம். மேட்ச் முடிந்ததும் சுவாரஸ் என்ன நடந்தது என்று கிளப் நிர்வாகி ஒருவரிடம் ஸ்பானிஷில் சொன்னார். சக வீரர் கைட்டிடம் டச்சில் சொன்னார், அவர் ஹாலந்தில் ஆடியவர். அந்த இருவர் மூலமாக வெளியே வந்தது "நீ கருப்பன் என்பதால்" என்ற மாதிரி வாக்கியம். பிறகு சுவாரஸ் நான் அப்படிச் சொல்லவே இல்லை, வேறு வாக்கியம் என்றார்.

சந்தானம் பெரியப்பா: சொந்த சாட்சியே கவிழ்த்துவிட்டான். இதை நாங்கள் பிறழ் சாட்சி என்று கூடச் சொல்ல முடியாது. இது வேறு ரகம்.

நித்யா: ஆனால் இன்னொரு உருகுவே வீரர் கவானி கேஸில் நான் எதிர்க்கட்சி. 2020இல் வாழ்த்துச் சொன்ன நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் "நன்றி நெக்ரிதோ" என்று பதில் போட்டார். "நன்றிடா கருப்பா" மாதிரி. அதற்கு 3 ஆட்டம், 1 லட்சம் பவுண்டு. நண்பருக்குக் கோபமில்லை, மொழி அவர்களுடையது. உருகுவேயின் மொழி அகாடமியே இங்கிலாந்துக்காரர்களைக் கண்டித்து அறிக்கை விட்டது. இங்கிலீஷ் அகராதியை வைத்துக்கொண்டு ஸ்பானிஷைத் திருத்தினால் இப்படித்தான்.

விஜயா: முரளி, கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னேனே

முரளி மாமா: பண்ணிவிட்டேன் அக்கா, நாளைக்கு வரும்

காலை 9:10

சுபா அக்கா: இப்போதுதான் பார்க்கிறேன், இங்கே அமெரிக்காவில் ராத்திரி. கார்த்தி, உன் கதை மாதிரியே இங்கே ஒன்று நடந்தது. 2021 ஆகஸ்ட், டென்வரில் பேஸ்பால். மியாமி டீமின் கருப்பின வீரர் லூயிஸ் பிரின்சன் ஆடிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் அந்த வசையைத் திரும்பத் திரும்பக் கத்துவது டிவியில் கேட்கிறது. ஊரே கொந்தளித்தது. அந்த டென்வர் டீமே கண்டனம் தெரிவித்தது.

சுபா அக்கா: மறுநாள் பார்த்தால், அந்த ஆள் கத்தியது "டிங்கர்". அந்த டீமின் பொம்மை, ஊதா நிற டைனோசர். போட்டோ எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்.

முரளி மாமா: ஹாஹா! பார்த்தாயா கார்த்தி, நீயும் டைனோசரைத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்

சுபா அக்கா: மாமா, நான் இன்னும் முடிக்கவில்லை. விளக்கமெல்லாம் வந்த பிறகு பிரின்சனிடம் கேட்டார்கள். வீடியோவை ஐம்பது தடவை பார்த்தேன், எனக்கு இன்னும் அந்த வார்த்தைதான் கேட்கிறது என்றார்.

நித்யா: கார்த்தி

கார்த்தி: சொல்லு

நித்யா: அந்தப் பையன் பெயர் என்ன?

காலை 9:34

நித்யா: கார்த்தி? நீல டிக் வந்துவிட்டது.

கார்த்தி: தெரியாது.

விஜயா: எத்தனை நாளாக விளையாடுகிறீர்கள்?

கார்த்தி: எட்டு மாசம் இருக்கும். வாரம் ஒரு நாள்தான் அம்மா. எதிர் டீம்.

நித்யா: அப்புறம் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி மாமா: என்ன அழித்தாய், நான் படிக்கவில்லை

விஜயா: நான் படித்தேன். மறுபடி எழுது.

கார்த்தி: எங்கள் ஆட்கள் "கருப்பு" என்பார்கள். மார்க்கிங் செய்யும்போது. "கருப்பை விடாதே", "கருப்பைப் பிடி" என்று. எல்லாரும். நானும். அவன் டீமில் மற்ற நாலு பேர் பெயரும் எனக்குத் தெரியும்.

கார்த்தி: நேற்றும் கத்தினேன். "நீங்க போங்க"வுக்கு ஒரு நிமிஷம் முன்னால்.

நித்யா: 2020 டிசம்பர் 8, பாரிஸ்.

கார்த்தி: தெரியும். ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்த மேட்சை நான் லைவ்வாகப் பார்த்தேன்.

சந்தானம் பெரியப்பா: எனக்குச் சொல்லுங்கள்.

கார்த்தி: சாம்பியன்ஸ் லீக் ஃபுட்பால், பாரிஸ் டீமான பிஎஸ்ஜியும் இஸ்தான்புல் டீமும். நடுவர்கள் ருமேனியாக்காரர்கள். இஸ்தான்புல் டீமின் துணைப் பயிற்சியாளர் வெபோ, கேமரூன்காரர், ஓரத்தில் நின்று சத்தம் போட்டார். நாலாவது நடுவர் மெயின் நடுவருக்கு அவரை அடையாளம் காட்டுகிறார், ருமேனிய மொழியில், அந்தக் கருப்பு ஆள் என்று. அவர்கள் மொழியில் "நெக்ரு" என்றால் வெறும் கருப்பு. வெபோ காதில் விழுந்தது. அவ்வளவுதான், ஆட்டம் நின்றது. பெஞ்சில் இருந்த இஸ்தான்புல் டீமின் கருப்பின வீரர் டெம்பா பா நடுவரிடம் நேராகக் கேட்டார்: ஒரு வெள்ளைக்காரரைக் காட்ட "அந்த வெள்ளைக்காரர்" என்று சொல்வாயா? "அந்த ஆள்" என்றுதானே சொல்வாய்? இரண்டு டீமும் வெளியே போய்விட்டது. மறுநாள் வேறு நடுவர்களை வைத்துத்தான் மிச்சத்தை ஆடினார்கள்.

சந்தானம் பெரியப்பா: தண்டனை?

கார்த்தி: இனவெறி நோக்கம் இல்லை, ஆனால் நடத்தை சரியில்லை என்று 2021 ஜூன் வரைக்கும் சஸ்பெண்ட் செய்தார்கள்.

முரளி மாமா: மாப்பிள்ளை, நீ ரொம்ப யோசிக்கிறாய். நம் ஊரில் கருப்பசாமி கும்பிடுகிறோம். கருப்பு என்பது வசையே கிடையாது. அடையாளத்துக்குச் சொல்வது. நெட்டை, குட்டை, சொட்டை என்று சொல்வதில்லையா?

விஜயா: முரளி, சின்ன வயதில் என்னை நீ என்னவென்று கூப்பிடுவாய் என்று இங்கே எழுதட்டுமா?

முரளி மாமா: அக்கா அது பாசத்தில்

விஜயா: சாமி பெயராக நினைத்துக் கூப்பிடவில்லை. எட்டாம் வகுப்பு வரை பவுடர் டப்பாவைக் காலி பண்ணிக்கொண்டிருந்தேன். அபினவ் முகுந்த் நினைவிருக்கிறதா, நம் தமிழ்நாட்டுப் பையன், டெஸ்ட் ஆடியவன். 2017இல் சின்ன வயதிலிருந்து நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்று அவனே எழுதினான். இந்திய டீம் பிளேயருக்கே அந்த நிலைமை.

சுபா அக்கா: வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் வீரர் டேரன் சமி கதைதான் எனக்கு மறக்காது. ஐபிஎல் ஹைதராபாத் டீமில் அவரை "காலு" என்று கூப்பிட்டார்கள். ஏதோ பலசாலிக் குதிரை என்று அர்த்தம் போல என்று நினைத்துச் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். ஆறேழு வருஷம் கழித்து, 2020இல்தான் அது இந்தியில் "கருப்பன்" என்று அர்த்தம் தெரிந்தது.

முரளி மாமா: சரி சரி. நான் வாபஸ்.

முரளி மாமா: அக்கா, சாரி

விஜயா: சிலிண்டர் வந்ததும் போன் பண்ணு.

காலை 10:50

கார்த்தி: டர்ஃப் புக்கிங் பார்க்கிற அண்ணனிடம் நம்பர் வாங்கினேன். பெயரும் கேட்டுக்கொண்டேன், இங்கே போட மாட்டேன், அவனைக் கேட்கவில்லை. மெசேஜ் எழுதியிருக்கிறேன், பாருங்கள். இங்கிலீஷில் அனுப்புவேன், சாரம் இது: "நேற்று நான் சொன்ன 'நீங்க' என்பது மரியாதைச் சொல், உன்னைச் சொல்லவில்லை. வேறு ஏதாவது வார்த்தை உன்னைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்."

சந்தானம் பெரியப்பா: "வேறு ஏதாவது" அடி. "இருந்தால்" அடி. எந்த வார்த்தை என்று உனக்குத் தெரியும், அதை எழுது. ஒப்புதல் வாக்குமூலத்தில் "இருந்தால்" வராது. அதை முதலில் போடு, "நீங்க" விளக்கம் கடைசியில்.

நித்யா: எட்டு மாசமாகப் பெயர் கேட்காததையும் எழுது.

கார்த்தி: எழுதிவிட்டேன். அனுப்பிவிட்டேன்.

முரளி மாமா: என்ன ஆச்சு

கார்த்தி: ஒரு டிக்தான் மாமா

பகல் 12:17

கார்த்தி: பதில் வந்தது.

விஜயா: என்ன சொல்கிறான்?

கார்த்தி: "நீங்க" அவனுக்குத் தெரியுமாம். இங்கே வந்து இரண்டு வருஷம். ஹாஸ்டல் மெஸ் அக்கா தினமும் "நீங்க சாப்டீங்களா" என்றுதான் கேட்பாராம். "கருப்பு" வந்த முதல் வாரத்திலேயே தெரிந்ததாம். அவன் என்னைக் கேட்டது அந்த வார்த்தையை. நான் போனை எடுத்து அவனுக்கு "நீங்க" பாடம் நடத்தியிருக்கிறேன்.

முரளி மாமா: ஐயோ

சந்தானம் பெரியப்பா: அப்போது காலையிலிருந்து நாம் விசாரித்தது வேறு கேஸ்.

நித்யா: சனிக்கிழமை வருவானா?

கார்த்தி: வருவானாம். டீம் கலைத்துப் பிரித்தாலும் என் பக்கம் வர மாட்டானாம். நம்பர் போட்ட பனியன் வாங்கச் சொல்லியிருக்கிறான், பத்து பேருக்கும்.

விஜயா: என்ன விலை வரும்?

கார்த்தி: கேட்டுச் சொல்கிறேன் அம்மா.

விஜயா: சரி, கீழே வா. சாம்பாரைச் சுட வைத்துவிட்டேன்.